அப்பாவுக்கு அனுப்பிய சிரிப்பு

1

அப்பா விழுந்தபோது உப்பளத்தில் இருந்தவர்கள்: அம்மா, அக்காவின் கணவர் ஏழுமலை மாமா, மேஸ்திரி, அப்பாவோடு கூலிக்கு உப்பு வாருகிற ஒன்பது பேர். இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்கா குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிக்கு வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நான் துபாயில் இருந்தேன்.

மரக்காணத்தில் அப்போது காலை ஏழு மணி. இங்கே ஐந்தரை. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்கவே தேவையில்லை. வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் ஐந்தரை மணிக்கு எனக்கு ஒரே வேலைதான். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, இருநூறு தொழிலாளிகளுக்கு எதிரே கைகளைத் தூக்கி, ஹா ஹா என்று சிரிப்பேன். அவர்களும் என்னோடு சிரிக்க வேண்டும். பத்து நிமிஷம். கம்பெனி உத்தரவு.

அப்பா போய் இந்தச் சித்திரையோடு ஒரு வருஷம். முதல் வருஷத் திதிக்கு லீவ் கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். வாங்கிய லீவைப் போன வருஷமே தின்றுவிட்டாயே என்றார்கள். அது நிஜம்தான். அங்கே போய் நிற்க முடியாததால் இதை எழுதுகிறேன். நம் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டினால், நல்லது.

2

கம்பெனிக்குச் சிரிப்பு வந்தது ஒரு சண்டையால். நான் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். டைம் கீப்பர் வேலை. யார் எத்தனை மணிக்கு பஸ் ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்று குறிப்பது. எங்கள் கேம்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். ஒருநாள் சோறு வெந்ததா வேகவில்லையா என்ற தகராறில் ஒருவன் இன்னொருவனைக் குக்கர் மூடியால் அடித்து, ஏழு தையல். அதற்கு மறு வாரம் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். கையில் வழவழப்பான ஒரு தாள். சிரிப்பதால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. "தமிழ் ஆட்களுக்கு நீ சொல்" என்று என்னிடம் நீட்டினார்.

நான் அதை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தமிழில் எழுதினேன். சிரிக்கும்போது மூச்சு ஆழமாகப் போய் வருகிறது. தோளும் கழுத்தும் இறுக்கம் தளர்கின்றன. மனசு லேசாகிறது. தூக்கம் வருகிறது. இரத்த அழுத்தத்துக்கு நல்லது. மறுநாள் காலை பெட்டிமேல் ஏறி நின்று வாசித்தேன். கூட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரத்தநாட்டுக்காரர் தங்கராசு அண்ணன், சாரம் கட்டுகிறவர், முன் வரிசையிலிருந்து கேட்டார்:

"தம்பி, சிரிக்கிறதுக்கு ஓவர்டைம் உண்டா?"

"இல்லண்ணே."

"அப்ப பாதி வாயால சிரிச்சாப் போதும்."

அன்றைக்கு வந்த முதல் நிஜச் சிரிப்பு அதுதான். மேடத்துக்கு விஷயம் புரியவில்லை, ஆனால் ரொம்பச் சந்தோஷப்பட்டு என் தோளில் தட்டினார்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, பலன் இருந்தது. முதல் வாரம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள். இரண்டாவது வாரம் பொய்ச்சிரிப்பே நடுவில் நிஜமாக மாறிவிட ஆரம்பித்தது. யாதய்யா என்று ஒரு தெலுங்குக்காரர். ஊரில் மகள் இறந்து, டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் போக முடியாமல் போனவர். அதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. ஒருநாள் காலை அவர் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் சிரித்து, அது அழுகையாகி, தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பஸ்ஸில் ஏறினதும் தூங்கினார். சைட் வந்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. போர்மேன் திட்டினான். அவர் தூங்கிய ஒரு மணி நேரத்தையும் வேலை நேரமாகவே நான் அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொடுத்தேன்.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதோடு, எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவனும் நான்தான். அச்சில் வந்ததை நம்பக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கரண்ட் பில்லோ, ரேஷன் ஆபீஸ் காகிதமோ, கோயில் நோட்டீஸோ, வீட்டுக்கு எது வந்தாலும் என் கையில் கொடுப்பார்கள். நான் வாசித்துச் சொன்னால் அதுதான் முடிவு. அப்பா கூட எதிர்த்துக் கேட்டதில்லை.

3

ஊரில் அந்தச் சமயம் யாரும் சிரிக்கிற நிலைமையில் இல்லை. மார்கழியில் கடல் உள்ளே ஏறி வந்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பாத்திகள் எல்லாம் சேறு மூடி, வரப்பு கரைந்து, திருத்தி எடுக்கவே மாசி ஆகும் என்றார்கள். அதுவரை கூலி கிடையாது. அப்பாவுக்கு ஏற்கனவே பிரஷர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தடவை போய் வரிசையில் நின்றால் முப்பது நாளைக்கு மாத்திரை கொடுப்பார்கள், காசில்லாமல். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. "தலை கனமா இருக்குது, காதுல அலை அடிக்கிற மாதிரியே கேக்குது" என்று போனில் சொன்னார். அவர் தனக்கு ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லுகிற ஆள் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

திண்டிவனத்துக்காரர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினார். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அறையில் டேப் ரிக்கார்டரை வைத்து, அவரிடம் கொடுத்தனுப்ப ஒரு கேசட் பதிந்தேன். முதலில் என் குரல். தாளில் இருந்ததை ஒவ்வொன்றாக, அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பிறகு சிரிக்கும் முறை. பிறகு அறையில் இருந்த எட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தோம். தங்கராசு அண்ணன் நடுவில் கோழி கொக்கரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அதைக் கேட்டு நாங்கள் நிஜமாகவே உருண்டோம். அதுவும் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கேசட்டில் நான் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: "அப்பா, காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம். இதை மருந்து மாதிரி நினைச்சுக்கோ. மாத்திரையை விட இது மேல்னு இங்க சொல்றாங்க."

மாத்திரையை விட மேல் என்று தாளில் இல்லை. அது நானாகச் சேர்த்தது. அப்பா இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று சேர்த்தேன். தாளில் இருந்த ஒன்றை விட்டும்விட்டேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. டாக்டர் கொடுக்கும் மருந்துக்கு இது மாற்று இல்லை, மருந்தை நிறுத்தக் கூடாது என்று. பஸ் டிக்கெட்டின் பின்னால் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி கம்பெனிக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்குப் போட்டுக்கொள்கிற வரி என்று நினைத்தேன். தொழிலாளிகளுக்கு வாசித்தபோதும் அதை விட்டுவிட்டேன். கேசட்டிலும் விட்டேன்.

காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று மாத்திரை தின்கிற மனிதரிடம், காலையில் பத்து ராத்திரி பத்து என்று நான் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? மருந்து மாறியிருக்கிறது என்றுதானே நினைப்பார்.

மாசியில் வேலை ஆரம்பித்தது. அம்மா எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து பேசினாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"உங்கப்பா சிரிக்கிறாருடா சேகரு! எனக்குக் கல்யாணம் ஆன நாளா நான் பாத்ததில்ல. காலையில பாத்தியில எறங்கறதுக்கு முன்ன எல்லாரையும் வரப்பு மேல வரிசையா நிக்க வெக்கிறாரு. ஹா ஹான்னு ஒரே கூத்து. கூட உப்பு வார்ற தேவகி இருக்காளே, அவ கேக்கறா, 'ஏண்ணே, எல்லார் வூட்டுக்கும் துபாயிலிருந்து சென்ட்டு வருது, சோப்பு வருது, ஒன் வூட்டுக்கு மட்டும் சிரிப்பு வருது. கஸ்டம்ஸ்ல புடிக்கலியா?'ன்னு. அந்த மேஸ்திரி இல்ல, அவன் கூட ஓரமா நின்னு பல்ல காட்றான்."

"தலை கனம் எப்படிம்மா இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறதையே உட்டுட்டாரு. வரிசையில நின்னா ஒரு நாள் வேலை போவுது, இப்பதான் பாத்தி திருத்தியிருக்கு, எதுக்குங்கிறாரு. தெம்பாத்தான் இருக்காரு."

"நல்லதும்மா" என்றேன்.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டுவிட்டார் என்று என் காதில் விழுந்தது. போன் கார்டில் இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது. நான் நல்லதும்மா என்று சொல்லிவிட்டு, அக்கா மகளைக் கொடு, பேசுகிறேன் என்றேன். மூன்று வயசுக் குழந்தை. அது என்னை மாமா என்று கூப்பிடாது. போனை வாங்கியதும் "துபாயி, துபாயி" என்று கத்தும். அதைக் கேட்டுச் சிரித்தபடியே அந்த நாலு நிமிஷத்தையும் தீர்த்தேன்.

4

சித்திரை வெயிலில் உப்பு நன்றாக விளைகிற நேரம். அன்றைக்கும் வரப்பில் நின்று சிரித்துவிட்டுத்தான் அப்பா இறங்கியிருக்கிறார். உப்பு வாரும் பலகை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் பாத்திக்குள் உட்கார்ந்தார். பேச்சு குழறியது. இதுவும் சிரிப்பு வேலையில் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். ஏழுமலை மாமாதான் ஓடிப்போய்த் தூக்கினார். உப்பு ஏற்ற வந்த லாரியிலேயே போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாமா அப்போதுதான் ஒரு பழைய செல்போன் வாங்கியிருந்தார். அதில்தான் பேசினோம். அப்பாவுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அம்மா போனை வாங்கிச் சொன்னாள்:

"வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சுடா. தெரியாதவங்க பாத்தா சிரிக்கிறாருன்னு நினைப்பாங்க. பக்கத்துப் படுக்கைக்காரி கூட கேட்டுட்டா, எதுக்கு சிரிக்கிறாருன்னு."

நான் அன்றே ஆபீசுக்கு ஓடினேன். பாஸ்போர்ட் அங்கேதான் இரும்பு அலமாரியில் இருக்கும். லீவ் பார்க்கிற கிளார்க் மலையாளி, நல்ல மனிதர்தான்.

"தம்பி, ரண்டு வருஷம் ஆகாம லீவ் கிட்டாது. மரிச்சா கிட்டும். சுகமில்லைன்னா கிட்டாது."

"ரொம்ப சீரியஸ் சார்."

"சீரியஸ்னு எல்லாரும் சொல்லும். டாக்டர் பேப்பர் பேக்ஸ்ல வரட்டும், மேல கொண்டு போய் நோக்கலாம்."

மாமா இரண்டு நாள் அலைந்து அந்தக் காகிதத்தை வாங்கி பேக்ஸ் அனுப்பினார். டாக்டர் உள்ளதை எழுதியிருந்தார். நோயாளி தற்போது ஸ்டேபிள் என்று. கிளார்க் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "ஸ்டேபிள்னா நல்லதல்லே தம்பி?"

நல்லதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல? எங்கள் அப்பா இன்னும் மோசமாக இருக்கிறார் என்று எழுதி வாங்கி வாருங்கள் என்று மாமாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனசு கேட்டது. அந்த நாட்களில் என் மனசு கேட்டதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

காலையில் ஐந்தரை மணிக்குப் பெட்டிமேல் ஏறி நிற்பேன். கை தூக்கும், வாய் திறக்கும், சத்தம் வராது. அப்பாவின் வாய் இப்படித்தான் திறந்திருக்கும் என்று தோன்றும். தங்கராசு அண்ணன் பார்த்துவிட்டு மறுநாள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "நீ சும்மா கையை மட்டும் ஆட்டு, சத்தத்தை நான் போடுறேன்." எனக்கும் சேர்த்து அவர் சிரித்தார். அந்தக் கோழிச் சிரிப்புக்கு இருநூறு பேரும் சிரித்தார்கள். மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். கிளார்க் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். லீவ் மத்தியானமே கையெழுத்தானது. பத்து நாள். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைக்கு வர மூன்று நாள் ஆகியது.

5

நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். என் லீவுக்காகக் கருமாதியைப் பதினோராம் நாளுக்கே முன்னால் இழுத்து வைத்தார்கள். சடங்கு முடிந்ததும், "முடிஞ்சுதா தம்பி, தலை முழுகிட்டியா?" என்று பங்காளி ஒருவர் கேட்டார். "கலாஸ்" என்றேன். கேம்பில் வேலை முடிந்தால் எல்லாரும் சொல்கிற அரபிச் சொல், வாயில் ஒட்டிக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

கேசட்டைத் தேடினேன். அப்பா போட்டுக் கேட்ட தேவகி அத்தை வீட்டு டேப்பிலேயே இருந்தது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எடுத்து வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதும் நான் தினமும் பெட்டிமேல் ஏறுகிறேன். சிரிப்பு நல்லது என்று இப்போதும் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்லதுதான். மூச்சை ஆழமாக்கும், இறுக்கத்தைத் தளர்த்தும், தூங்காதவனைத் தூங்க வைக்கும். யாதய்யாவைக் கேளுங்கள். ஆனால் இப்போது முதல் வரியாக நான் வாசிப்பது அந்தப் பொடி எழுத்து வரியைத்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடம்பு தெம்பாக இருக்கிறது என்பதற்காகவும் நிறுத்தாதீர்கள். பிரஷர் தெம்பான ஆளையும் உள்ளே இருந்து தின்னும். நன்றாகப் படித்த பிள்ளை சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

6

கருமாதி முடிந்த மறுநாள் சம்பந்தி வீட்டார் துக்கம் மாற்றுவதற்குச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். தெரியாதவர்களுக்கு விநோதமாக இருக்கும். பொண்ணு கொடுத்த இடம், எடுத்த இடம் யாராவது வந்து, துக்க வீட்டுக்காரர்களுக்குக் கறிச்சோறு போட்டு, தியேட்டருக்கு அழைத்துப் போய் உட்கார வைப்பார்கள். சிரிப்புப் படமாகப் பார்த்துத்தான் போவார்கள். அழுதது போதும், இனிமேல் எழுந்து வேலைக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அம்மா பதினோரு நாளாக யாரோடும் பேசவில்லை. அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. வரமாட்டேன் என்று மூலையில் படுத்திருந்தவளை ஏழுமலை மாமாவின் அம்மாதான் கையைப் பிடித்து எழுப்பினாள். "ஏ அஞ்சல, நீயும் படுத்துட்டேன்னா எம்மருமவள யாரு பாக்கிறது? எழுந்து வா, சும்மா இருட்டுல ஒக்காந்துட்டு வந்துடலாம்."

திண்டிவனத்தில் மத்தியானக் காட்சி. நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையை நான் பார்க்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிடும்மா, சிரித்துவிடும்மா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் தாளை நம்பி அப்பாவைத் தொலைத்தேனோ, அதே தாளைத்தான் அங்கே உட்கார்ந்தும் நம்பிக்கொண்டிருந்தேன். வேறு மருந்து என் கையில் இல்லை. இரண்டு நாளில் நான் பிளேன் ஏற வேண்டும். இப்படியே இவளை விட்டுவிட்டுப் போனால் அடுத்த லீவும் எனக்குச் சீக்கிரமே கிடைத்துவிடும் என்று பயந்தேன்.

காமெடி நடிகர் ஒரு மாட்டிடம் உதைபட்டுச் சாணிக்குள் விழுந்தார். கொட்டகை அதிர்ந்தது. அம்மாவின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. பிறகு சிரித்தாள். வாய்விட்டு, உடம்பு குலுங்க. ஒரு கணம்தான். உடனே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள்.

பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரிச்சிட்டேன்டா. அவரு போயி பதினொரு நாள்தான் ஆவுது, நான் சிரிச்சிட்டேன்."

"சிரிக்கணும்மா. அதுக்குத்தானே கூட்டியாந்தாங்க."

"போதும்டா உன் சிரிப்பு!"

அவள் கத்திய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளின் கடைசி வரியைச் சொன்னேன். மாத்திரையை விட மேல் என்று நானாகச் சேர்த்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று அவள் சொன்னபோது நல்லதும்மா என்று நான் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவருக்குத் தெரியாதும்மா, நான் சொல்லவில்லை, நான்தான் சொல்லவில்லை என்றேன்.

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"ஏன் தெரியாது? அவருக்குத் தெரியும்டா. பங்குனியில எனக்கு இருமல்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த நர்சம்மா பாத்துட்டுச்சு. 'ஏன் பெரியவரே, மாத்திரை வாங்க ஆளையே காணோம், நடுவுல நிறுத்தவே கூடாது, தெரியுமில்ல, இப்பவே வாங்கிட்டுப் போங்க'ன்னு சீட்டு எழுதப் பேனா எடுத்துச்சு. நானும் சொன்னேன், வாங்கிக்கய்யான்னு. இவரு என்னா சொன்னாரு தெரியுமா?"

சொல்லும்போதே அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"'ஏம்மா, ஓசியில மாத்திரை குடுக்கிற நீ சொல்றத கேக்கணுமா, இருபத்திரண்டாயிரம் கட்டிப் படிக்க வெச்ச எம்புள்ள சொல்றத கேக்கணுமா?'ன்னாரு. அந்தம்மாவே சிரிச்சிடுச்சு."

இடைவேளை மணி அடித்தது. ஆட்கள் சோடாக் கடைக்கு வந்தார்கள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா ஒரு பேச்சுக்கு ரவுண்டாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், செலவில்லை. அதற்கப்புறம் ஐ.டி.ஐ. இரண்டு வருஷம். ரசீதுகள் எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. இருபத்திரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.